பாட்டனார் பெட்டியில் ஒரு கைத்துப்பாக்கி



வீட்டுப் பெரியவர் ஒருவர் இறந்து, அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசையும் ஒப்புக்கொடுத்த பின்னர், அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறக்கும் நாள் ஒன்று வருகிறது. நம் வீடுகளில் அந்தப் பெட்டியில் பழைய பத்திரங்கள் இருக்கும். கரை மங்கிய அங்கவஸ்திரம், கண்ணாடிக் கூடு, அட்டை கிழிந்த ஜெபப் புத்தகம் இவை இருக்கும். அமெரிக்க நாட்டில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பெட்டியின் அடியில் வேறொரு பொருளும் இருந்தது. எண்ணெய்த் துணியில் சுற்றிய ஜெர்மானியக் கைத்துப்பாக்கி அது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஐரோப்பாவில் போரிட்டு, 1945-ஆம் ஆண்டு வீடு திரும்பிய சிப்பாய்கள் பலர், மூட்டையில் கட்டிக் கொண்டுவந்த ஞாபகப் பொருள்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். பாட்டனார் போய்விட்டார். துப்பாக்கி பேரனுடைய கைக்கு வந்திருக்கிறது. முதற்காரியமாக, விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்து, உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கிறான். பிறகு மேஜையைச் சுற்றி வீட்டார் உட்காருகிறார்கள். மூன்று குரல்கள் எழும்புகின்றன.

"இது என்ன விலை பெறும்?" என்கிறார் ஒருவர்.

"ஒரு பெரிய ஜெர்மானிய அதிகாரியைச் சிறைப்பிடித்தபோது தாத்தா அவனிடமிருந்து பறித்தது இது" என்கிறார் மற்றொருவர்.

"போனது போகட்டும். கிளறி என்ன ஆகப்போகிறது?" என்கிறார் மூன்றாமவர்.

பேரன் மட்டும் பேசாமல் அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இது யாருடையது? எங்கிருந்து வந்தது? இதைத் தெரிந்துகொள்ளும் கடமை எனக்கு உண்டா?

உண்டு என்பதே நம் விடை. ஏன் என்பதை இனிப் பார்ப்போம்.

முதலில், அந்தத் துப்பாக்கி தானே என்ன சொல்லுகிறது என்று கேட்போம். அது பி-38 என்ற வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியப் படை அதற்கு முன் லூகர் என்னும் துப்பாக்கியை 1908-ஆம் ஆண்டு முதல் உபயோகித்து வந்தது. செய்வதற்குச் செலவும் நேரமும் மிகுதியாகப் பிடித்ததால் அதன் இடத்தில் 1938-இல் ஏற்றுக்கொண்டது இந்த பி-38. ஒன்பது மில்லிமீட்டர் குண்டு. ஒரு தடவைக்கு எட்டுக் குண்டுகள் நிரப்பலாம். யுத்த காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

அதன் இடது பக்கத்தில் சிறு எழுத்துக்கள் பொறித்திருக்கும். செய்தவர் பெயரைப் பகைவர் அறியலாகாது என்பதற்காக, ஜெர்மானிய அரசாங்கம் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு மறைகுறி கொடுத்திருந்தது. 'ஏ.சி.' என்றிருந்தால் தூரிங்கியாப் பிரதேசத்தில் ஸெல்லா-மேலிஸ் என்னும் ஊரிலிருந்த வால்டர் தொழிற்சாலை. 'பி.ஒய்.எஃப்.' என்றிருந்தால் நெக்கர் நதிக்கரையில் ஓபர்ண்டோர்ஃப் ஊரிலிருந்த மௌசர் தொழிற்சாலை. 'சி.ஒய்.க்யூ.' என்றிருந்தால் ஸ்ப்ரேவெர்க் தொழிற்சாலை. அது இருந்த ஊர் இன்று செக் நாட்டைச் சேர்ந்தது. வால்டர், மௌசர் துப்பாக்கிகளில் குறியோடு ஆண்டின் கடைசி இரண்டு எண்களும் இருக்கும். 'ஏ.சி. 44' என்றால் வால்டர், 1944. வால்டரில் ஆண்டு தோறும் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். பத்தாயிரம் நிறைந்ததும் எண்ணுடன் ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். ஆகவே எண்ணையும் எழுத்தையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆண்டின் முற்பகுதியில் செய்ததா, பிற்பகுதியில் செய்ததா என்பதுகூட ஏறக்குறையத் தெரிந்துவிடும். கழுகு முத்திரையும் அதன் கீழ் 359 என்ற எண்ணும் இருந்தால், வால்டரில் அமர்ந்திருந்த படைப் பரிசோதகர் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார் என்று பொருள்.

பாருங்கள், உள்ளங்கையளவு இரும்பு எவ்வளவு பேசுகிறது! ஊர், ஆண்டு, பரிசோதகர் எல்லாம் சொல்லிவிட்டது. ஆனால் பேரன் கேட்ட கேள்விக்கு மட்டும் அது விடை சொல்லவில்லை. அதை இடுப்பில் கட்டியிருந்தவன் யார்?

அதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ஜெர்மானியச் சிப்பாயும் சட்டைப் பையில் ஒரு சிறு படைப் புத்தகம் வைத்திருந்தான். பெயர், பிறந்த தேதி, சேர்ந்த படைப்பிரிவு ஆகியவற்றோடு, அவனுக்குக் கொடுத்த ஆயுதத்தின் எண்ணும் அதில் எழுதப்படுவதுண்டு. அந்தப் புத்தகம் துப்பாக்கியோடு சேர்ந்து வந்திருந்தால் பெயர் கிடைத்துவிடும். பெயர் கிடைத்துவிட்டால் பெர்லினுக்கு எழுதலாம். ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் அதிகமான சிப்பாய்களின் குறிப்புகளைக் காத்து வந்த பழைய அலுவலகம் அங்கே உண்டு; 2019-இல் அது ஜெர்மானியக் கூட்டரசின் ஆவணக் காப்பகத்தோடு இணைந்தது. ஆனால் புத்தகம் இல்லாமல் துப்பாக்கி மட்டும் வந்திருந்தால், எண்ணை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நடவாத காரியம்.

சரி, பாட்டனார் பக்கமிருந்து தேடலாமே என்பீர்கள். பேரனும் அப்படியே தேடுகிறான். ஊருக்குத் துப்பாக்கி கொண்டுவந்த அமெரிக்கச் சிப்பாய், மேலதிகாரியின் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். பலர் அதைத் தொலைத்துவிட்டார்கள். அவர்களுடைய சேவைக் குறிப்புகள் மிஸௌரி மாகாணத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காப்பகத்தில் இருந்தன. 1973-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி அங்கே தீப்பிடித்தது. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் குறிப்புகளில் நூற்றுக்கு எண்பது பங்கு எரிந்துபோயிற்று. எஞ்சியிருப்பது படைப்பிரிவுகள் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கைகள். அவற்றைப் படித்தால், பாட்டனார் இன்ன மாதம் இன்ன ஊரில் இருந்தார் என்று தெரியலாம். இன்னாரிடமிருந்து துப்பாக்கியை வாங்கினார் என்று தெரியாது.

இந்த இடத்தில்தான் வாசகரே, ஆபத்து இருக்கிறது. ஆராய்ச்சி நின்றுபோன இடத்தில் கற்பனை நடக்கத் தொடங்குகிறது. மேஜையில் இரண்டாவதாகப் பேசியவரை நினைத்துப் பாருங்கள். 'பெரிய அதிகாரி' என்றார். பி-38 அதிகாரிகளுக்கு மட்டும் கொடுத்த ஆயுதம் அன்று. இயந்திரத் துப்பாக்கிக்காரன், டாங்கி ஓட்டுகிறவன் முதலிய சாதாரணச் சிப்பாய்களும் அதை வைத்திருந்தார்கள். 'பறித்தது' என்றார். 1945-ஆம் ஆண்டு மே மாதத்தில் சரணடைந்த படைகள் ஆயுதங்களை வீதியோரத்தில் குவியல் குவியலாகப் போட்டுவிட்டுப் போயின. குவியலிலிருந்து எடுத்தவர் உண்டு. தோழனிடம் சிகரெட்டுக்கு மாற்றிக்கொண்டவர் உண்டு. தாத்தா அப்படி வாங்கியிருந்தால் அவருக்கு என்ன குறை? ஒன்றும் இல்லை. ஆனால் கதைக்கு அது போதவில்லை. ஆகவே சிப்பாய் அதிகாரியாகிறான்; அதிகாரி அடுத்த தலைமுறையில் தளபதியாகிறான். கதை வளர வளர விலையும் வளர்கிறது. இத்தகைய பொருள்களைச் சேகரிக்கிறவர்களுக்குள், கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு என்ற எச்சரிக்கை வழங்கி வருவது இதனால்தான்.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனை உயிரோடிருப்பவர்களைப் பற்றியது மட்டுமா? இறந்தவர் தம்மைப் பற்றிச் சொல்லும் பொய்யை மறுத்துப் பேச முடியாது. புகழ்ச்சியானாலும் மறுக்க முடியாது. தாத்தாவை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவர் செய்யாத வீரத்தை அவர் தலையில் ஏற்றினால், நாம் நேசிப்பது தாத்தாவை அல்ல. நாமே செய்த ஒரு பொம்மையை. அவரோ, அந்தப் பனியிலும் சேற்றிலும் நடந்து, பயந்து, பசித்து, உயிரோடு திரும்பி வந்தவர். அந்த உண்மை மனிதரே போதுமானவர்.

நிற்க. கேட்ட கேள்விக்கு விடை சொல்லாத அந்தத் துப்பாக்கி, கேளாத ஒன்றைச் சொல்லுகிறது.

'ஏ.சி. 44' என்ற குறியை மறுபடியும் பாருங்கள். 1944-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆண்பிள்ளைகள் போர்முனையில் இருந்தார்கள். தொழிற்சாலைகளில் வேலை செய்தவர் யார்? அந்த ஆண்டின் கோடையில் ஜெர்மானிய ஆட்சிக்குள் வேலை வாங்கப்பட்ட அந்நிய நாட்டுத் தொழிலாளிகளும் யுத்தக் கைதிகளும் ஏறக்குறைய 76 லட்சம் பேர். போலந்திலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் பிரான்சிலிருந்தும் பிறநாடுகளிலிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலோர் பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். ஆயுதத் தொழில் அவர்களுடைய கைகளால் நடந்தது. வால்டர் நிறுவனம் அதோடும் நிற்கவில்லை. ஹாம்பர்க் நகரத்துக்கு அருகில் நொயன்காமெ என்னும் வதைமுகாம் இருந்தது. அதை ஒட்டியே வால்டருக்கு ஒரு தொழிற்சாலை கட்டப்பட்டது. முகாமின் கைதிகள் அதில் துப்பாக்கிப் பாகங்கள் செய்தார்கள். அந்த முகாமிலும் அதன் கிளை முகாம்களிலும் அடைபட்டவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் இறந்தவர்கள் குறைந்தது 42,900 பேர். இன்று அந்த இடம் நினைவிடமாக இருக்கிறது.

பேரன் கையிலிருக்கும் துப்பாக்கியை எந்தக் கைதி தொட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. இதைச் செய்ததில் ஓர் அடிமையின் கை படவேயில்லை என்றும் யாரும் துணிந்து சொல்ல முடியாது. பாட்டனாரின் வீரத்தைத் தேடிப் போனவன், பெயரில்லாத ஒரு தொழிலாளியின் வாசலில் வந்து நிற்கிறான். தான் தேடாத உண்மை கிடைத்தபோது கண்ணை மூடிக்கொள்கிறானா, திறந்து வைத்திருக்கிறானா என்பதில்தான் ஆராய்ச்சி நேர்மையானதா என்பது தெரியும். தனக்குப் பிடித்த பதில் கிடைக்கும் வரையில் மட்டும் தேடுகிறவன் உண்மையைத் தேடவில்லை. துணைக்குச் சாட்சி தேடுகிறான்.

இப்போது மூன்றாமவரின் பேச்சுக்கு வருவோம். "கிளறி என்ன ஆகப்போகிறது?" இதை அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. துப்பாக்கியைச் செய்வித்தவர்கள் குற்றவாளிகளாக இருக்கலாம். பேரன் அப்போது பிறக்கவே இல்லையே. தகப்பன் செய்த பாவத்துக்குப் பிள்ளை பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. அப்படியிருக்க, அவன் மனச்சாட்சியை ஏன் வருத்த வேண்டும்?

மெய்தான். பழி பிதுரார்ஜிதமாக வராது. ஆனால் கேள்வி வரும். வீடு பிதுரார்ஜிதமாக வந்தால் அதன் மேலுள்ள கடனும் கூடவே வருகிறதல்லவா? கடனை வாங்கியவன் நான் அல்ல என்று சொல்லி வீட்டை மட்டும் வைத்துக்கொள்ள எந்த நியாயஸ்தலமும் விடாது. பொருளை ஏற்றுக்கொள்கிறவன் அதைப் பற்றிய கேள்வியையும் ஏற்றுக்கொள்கிறான். இது குற்றம் அன்று, பொறுப்பு. குற்றத்துக்கு வெட்கப்பட வேண்டும். பொறுப்புக்கு விடை சொல்ல வேண்டும்.

அப்படியானால் அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். பிறர் பொருள் நம் கையில் இருந்தால் உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்று சிறு வயதிலேயே ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். இங்கே நிதானமாகப் பகுத்துப் பார்க்க வேண்டும். 1929-ஆம் ஆண்டு ஜெனீவாவில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, யுத்தக் கைதியின் சொந்தப் பொருள்கள் அவனிடமே இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆயுதங்களுக்கும் குதிரைகளுக்கும் படைச் சாமான்களுக்கும் விலக்கு உண்டு. ஆகவே சரணடைந்தவனிடமிருந்து துப்பாக்கியை எடுத்தது திருட்டு அன்று. அது அவனுடைய சொத்தும் அன்று. ஓர் அரசாங்கத்தின் ஆயுதம். அந்த அரசாங்கம் 1945-இல் ஒழிந்தது. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அதே பெட்டியில், அதே துணிச் சுருளில், ஒரு கைக்கடிகாரம் இருந்தால்? ஒரு மோதிரம் இருந்தால்? ஒரு பதக்கம் இருந்தால்? ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் நிற்கும் சிறு புகைப்படம், பின்புறத்தில் பென்சிலால் எழுதிய இரண்டு வரிகளோடு இருந்தால்? அவற்றைக் கைதியிடமிருந்து எடுக்கலாகாது என்றே அந்த உடன்படிக்கை சொல்லிற்று. சட்டம் சொல்லாவிட்டாலும் மனச்சாட்சி சொல்லியிருக்கும். அந்தக் குழந்தைகளில் ஒருவர் இன்றும் உயிரோடிருக்கலாம். அவர் போய்விட்டிருந்தால் அவருடைய பிள்ளைகள் இருப்பார்கள். நமக்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் காகிதம், அவர்களுக்குத் தகப்பனின் கடைசி அடையாளம். வாசகரே, இத்தகைய பெட்டியைத் திறக்கிறவர்கள் முதலில் துப்பாக்கியைத்தான் பார்க்கிறார்கள். விலை அதற்குத்தான். ஆனால் மனச்சாட்சிக்குக் கனமான பொருள் அந்தப் புகைப்படம். ஆராய்ச்சி செய்யாதவன் இந்த வித்தியாசத்தை அறியமாட்டான்; எல்லாவற்றையும் ஒரே விலைச் சீட்டில் எழுதி விற்றுவிடுவான்.

இனி, முதலாமவர் கேட்ட கேள்வி மிச்சமிருக்கிறது: "என்ன விலை பெறும்?" விற்பது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் அனுமதிக்கும் முறையில் விற்கலாம், காட்சிச்சாலைக்குக் கொடுக்கலாம், காவல் அதிகாரிகளிடம் ஒப்படைத்து உருக்கிவிடச் சொல்லலாம், பூட்டி வைத்துக்கொள்ளவும் செய்யலாம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தாலோ, மனம் நொந்து வாழ்கிறவர் எவரேனும் இருந்தாலோ, வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. பாட்டனாரின் ஞாபகம் ஓர் உயிரைவிடப் பெரிதன்று. இவற்றில் எதைச் செய்தாலும், அதற்கு முன் பேரன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதற்குப் பணம் வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

அந்தத் தாளில் மூன்று பகுதிகள் எழுத வேண்டும். முதலாவது, நிச்சயமாகத் தெரிந்தவை: இன்ன குறி, இன்ன எண், இன்ன தொழிற்சாலை, இன்ன ஆண்டு; பாட்டனார் இன்ன படைப்பிரிவில் இன்ன இடத்தில் இருந்தார் என்பதற்கு இன்ன ஆதாரம். இரண்டாவது, கேள்விப்பட்டவை: இன்னார் இப்படிச் சொன்னார் என்று, சொன்னவர் பெயரோடு. மூன்றாவது, தெரியாதவை: இதை வைத்திருந்தவன் யார் என்பது தெரியாது, இதைச் செய்த கைகள் யாருடையவை என்பது தெரியாது, அந்தத் தொழிற்சாலையும் அந்த முகாமும் இருந்தன என்பது தெரியும். இவ்வளவே. இந்தத் தாளைத் துப்பாக்கியோடு வைக்க வேண்டும். துப்பாக்கி எங்கே போனாலும் தாளின் பிரதி வீட்டில் இருக்க வேண்டும்.

மூன்றாம் பகுதியை எழுதுவதுதான் கடினம். 'தெரியாது' என்று எழுத நம் கை கூசுகிறது. அந்த வெற்றிடத்தில் எதையாவது நிரப்பிவிட மனம் துடிக்கிறது. ஆனால் 'தெரியாது' என்று நேர்மையாக எழுதிய இடம் வெறுமையான இடம் அன்று. பெயர் தெரியாத சிப்பாய்க்கும் பெயர் தெரியாத தொழிலாளிக்கும் நாம் செய்யக்கூடிய மரியாதை, நம் சௌகரியத்துக்கு ஏற்ற பெயரையும் கதையையும் அவர்கள் மேல் ஒட்டாமல் இருப்பதே. பின்னால் வரும் ஒருவன் அந்த இடத்தில் உண்மையை எழுதக்கூடும்.

நம் பங்கில் உள்ள குடும்பங்களில் ஜெர்மானியத் துப்பாக்கி யாரிடமும் இருக்கப் போவதில்லை. ஆனால் பாட்டனார் பெட்டி இல்லாத வீடு உண்டா? அடகு மீட்க வராமற்போன யாரோ ஒருவருடைய நகை நம் பீரோவில் இருக்கலாம். இன்னாரிடமிருந்து இன்ன விலைக்கு வாங்கியது என்று பத்திரம் சொல்லும் நிலத்தில், பத்திரம் சொல்லாத ஒரு கண்ணீர் இருக்கலாம். அல்லது, கடவுள் கிருபையால், பெருமைப்படத்தக்க உழைப்பே இருக்கலாம். எதுவானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கத்தக்க பெரியவர்கள் வீட்டில் இன்னும் இருக்கிறார்கள், வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எப்படி நமக்கு வந்தது, தாத்தா?" என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். பதில் இனிக்கலாம், கசக்கலாம். அவர் பேசாமல் இருந்துவிடவும் கூடும். எப்படியானாலும், பிள்ளைகளுக்குப் பொருளைக் கொடுக்கும்போது அதன் உண்மையையும் சேர்த்துக் கொடுங்கள்.